செத்தாலும் கேட்காத பாட்டு

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு நீங்களே சொல்லத்தான் போகிறீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் கூடுதலாகவா இருந்துவிடப் போகிறது?

துணி வெட்டுவது என் தொழில். சீருடை தைக்கும் பட்டறையில் நாற்பது மடிப்புத் துணியை மேசையில் அடுக்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டுவேன். காதில் பாட்டு ஓடினால்தான் எனக்குக் கை நேராகப் போகும். ஆரம்பத்தில் முதலாளி கத்தினார். ஒரு வாரம் பாட்டில்லாமல் வெட்டிக் காட்டினேன். சட்டைக் கையெல்லாம் ஒன்று நீளம், ஒன்று குட்டை. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் துணிக்கட்டு ஏற்றும் லிப்ட்டில் நானும் ஏறினேன். சரக்கு லிப்ட்டில் ஆள் ஏறக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது. முழங்கால் வலிக்கு எழுத்தா தெரியும்? இரண்டு மாடிக்கு நடுவில் அது நின்றது, விளக்கும் போனது. நான் போட்ட கூச்சலில் பட்டறை மொத்தமும் கூடிவிட்டது. ஆளாளுக்கு, பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று கதவைத் தட்டினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது.

அப்புறம் ஒரு ஆண் குரல் எல்லோரையும் விலகச் சொன்னது. கதவிடுக்கில் வாயை வைத்து, காய்கறி விலை கேட்பதைப்போல் நிதானமாக என்னிடம் கேட்டது.

"உங்களுக்கு உசுரா பிடிச்ச பாட்டு எது? அதை மட்டும் சொல்லுங்க."

அழுதுகொண்டே சொன்னேன். அது ஏழு பாட்டு உள்ள ஒரு பழைய தொகுப்பில் மூன்றாவது பாட்டு. பாடிய அம்மா அதற்கப்புறம் பாடுவதையே விட்டுவிட்டார். அந்தப் பாட்டின் நடுவில் அவர் சட்டென்று ஒருமுறை சிரிப்பார். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன வருடம், அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் மனுஷியாக எழுந்து வேலைக்குப் போனேன். அதையெல்லாம் அந்த இருட்டில் யாருக்குச் சொல்வது? பாட்டை மட்டும் சொன்னேன்.

"அதுவா?" என்றது குரல். "தொகுப்பு தங்கம். அந்தப் பாட்டு மட்டும் தகரம். நடுவுல சிரிக்கிறாங்களே, அது பொய்ச் சிரிப்பு."

எனக்கு வந்ததே கோபம். யாருடா இவன் என்று ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஆளோடு கதவிடுக்கு வழியாக நாற்பது நிமிடம் சண்டை போட்டேன். எந்த அடியில் தாளம் மாறுகிறது, எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவரும் விடவில்லை. கதவு திறந்தபோது கண்ணீர் காய்ந்திருந்தது, வாய் மட்டும் ஓயவில்லை. எதிரே முழங்கை வரை கிரீஸ் பூசிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் நின்றார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தைரியம் சொன்னால் பயம்தான் கூடும், பாட்டைப் பற்றிப் பேசினால் மூச்சு தானாகச் சீராகிவிடும், உங்களை மாதிரி ஆளுக்குச் சண்டை இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுச் சாவிகளைப் பையில் போட்டார். அவர்தான் லிப்ட்டுக்காரர்.

மறுநாளே என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். 'இப்ப காதுல என்ன' என்பது அதன் பெயர். மொத்தம் பத்தொன்பது பேர். யாருக்கும் யாருடைய சொந்தப் பெயரும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. நான் 'கத்தரி'. அவர் 'லிப்ட்டுக்காரர்'. பள்ளிக்கூட வண்டி ஓட்டும் 'டிரைவர்' தம்பிதான் குழுவைத் தொடங்கியது. முன்பெல்லாம் அவரவர் கேட்பதை அவரவரே எழுதுவார்களாம். எழுதியதில் பாதி பொய். குத்துப்பாட்டு கேட்டுக்கொண்டே, மனம் உருகும் ஆலாபனை கேட்பதாகப் பீற்றிக்கொள்வார்களாம். அதனால் தம்பி ஒரு செயலியைக் கொண்டுவந்தான். நம் கருவியில் எந்தப் பாட்டு ஓடுகிறதோ அது நம் பெயருக்குப் பக்கத்தில் தானாகவே வந்து நிற்கும். பொய்க்கு வழியே இல்லை. கருவி பொய் சொல்லாது என்று நாங்கள் அவ்வளவு பேரும் நம்பினோம்.

லிப்ட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, வேறு ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மூன்று வருடம் லிப்ட் கம்பிக்கு எண்ணெய் பூசியவர். கதவைத் திறக்காமலே, காதை வைத்துக் கேட்டு எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வாராம். ஊருக்கெல்லாம் லிப்ட் ஓட்டிக்கொடுத்துவிட்டு அவர் குடியிருந்தது லிப்ட்டே இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். தினம் எழுபத்திரண்டு படி என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு மேல் வீட்டுக் கணினியில் அந்தத் தொகுப்பைப் போட்டுவிடுவார். அது சுற்றிச் சுற்றி வரும். தொகுப்பு தங்கம் என்பதால் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட நீக்க மாட்டார். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்றுதான் செயலியின் பட்டியல் காட்டும். மூன்றாவது பாட்டு தொடங்கும்போது எங்கே இருந்தாலும் எழுந்து வந்து அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார். குளித்துக்கொண்டிருந்தால் சோப்புக் கையோடு. தூங்கினால்கூட அந்தப் பாட்டு வந்தால் விழிப்பு வந்துவிடும் என்பார். ஒவ்வொரு வியாழனும் பட்டியலில் மூன்றைத் தாண்டிய உடனே நான் நாலு வார்த்தை எழுதுவேன், அவர் ஐந்து வார்த்தை குரலில் பேசி அனுப்புவார். கீரியும் பாம்பும் என்று எங்களுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், ஒரே ஒரு தடவை எனக்காகக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன் என்று பதில் வந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷன்.

அந்த வியாழக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு நான் சட்டைக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி மேசை ஓரத்தில் கிடந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் மூன்றாவது பாட்டு வந்தது. தள்ளிவிடுவார் என்று பார்த்தேன். ஒரு நிமிடம் ஆனது, இரண்டு நிமிடம் ஆனது. பாட்டு அங்கேயே நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு லாட்டரி விழுந்ததைப்போல் இருந்தது. கத்தியை நிறுத்திவிட்டு எழுதினேன்: 'செத்தாலும் கேட்க மாட்டேன் என்றவர் கேட்டுவிட்டார். ஆள் இருக்கிறாரா செத்துவிட்டாரா, யாராவது போய்ப் பாருங்கள்.'

பதினான்கு பேர் சிரித்தார்கள். கத்தரி வெட்டிவிட்டது என்று ஒருவர் எழுதினார். வாழ்நாள் சாதனை என்று இன்னொருவர் எழுதினார். லிப்ட்டுக்காரர் ஒன்றும் எழுதவில்லை. தோற்றவனுக்கு வாய் எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன். என் இருபத்திரண்டு வருட வேலையில் அவ்வளவு குஷியாக நான் காலர் வெட்டியதே இல்லை.

அந்தத் தொகுப்பு ஒரு சுற்று வர முப்பத்தைந்து நிமிடம் ஆகும். ஒன்று ஐம்பத்தைந்துக்கு மறுபடியும் மூன்றாவது பாட்டு வந்தது, மறுபடியும் முழுதாக ஓடியது. குழுவில் கொண்டாட்டம் இரட்டிப்பானது. ருசி கண்டுவிட்டார் என்றார்கள். நானும் ஒரு சிரிப்பைப் போட்டேன். ஆனால் சிரிப்பு விரலில்தான் இருந்தது. மனதுக்குள் ஏதோ ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டது. அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்து ஓய்ந்தது. எங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பாட்டு ஓடும்போது லிப்ட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார். அது ஊரறிந்த விஷயம். வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும், போனை எடுக்கவில்லையே என்று பதறியிருக்கும். நாங்கள்தான், நல்ல ரசிகர், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சும்மா இருந்தோம்.

தூங்கிவிட்டிருப்பார் என்று யாரோ எழுதினார்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. தூங்கினால் அந்தப் பாட்டு அவரை எழுப்பிவிடுமே. விழித்திருந்தால் தள்ளிவிடுவாரே. இரண்டும் இல்லையென்றால் என்ன?

இரண்டு முப்பதுக்கு மூன்றாம் முறையாக அந்தப் பாட்டு வந்தது. கத்தியை அணைத்துவிட்டேன். நான்கு நிமிடம் பதினொரு வினாடியும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தள்ளுய்யா, தள்ளித் தொலையேன் என்று முனகினேன். பாட்டு முடிந்து, நான்காவது தானாக வந்தது.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சரக்கு லிப்ட்டில் ஒட்டியிருந்த தகட்டிலிருந்து கம்பெனி எண்ணைப் பார்த்து அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். எங்கள் லிப்ட்டைப் பார்க்க வரும் மெக்கானிக்கின் வீடு எங்கே என்று கேட்டேன். ஊழியர் விலாசத்தைப் போனில் தருவதில்லை, இன்று அவருக்கு விடுமுறை, மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று என்னைக் காக்கவைத்தார். காத்திருக்கும்போது ஒரு இசை வந்ததே, வாழ்நாளில் அப்படியொரு கொடுமையான இசையை நான் கேட்டதில்லை. ஆறு நிமிடம் கேட்டேன். பிறகு கத்தினேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

குழுவில் எழுதினேன்: 'அவர் விழுந்து கிடக்கிறார். எனக்குத் தெரியும். வீடு எங்கே என்று யாருக்குத் தெரியும்?' ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு வருடம், தினமும் பேச்சு. அவருக்குப் பிடித்த பாடகர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. குடியிருக்கும் தெரு மட்டும் தெரியாது. வெட்கக்கேடு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் எழுதுகிற ஆள் இல்லையே, பேசி அனுப்புகிற ஆளாயிற்றே. நூற்றுக்கணக்கான குரல் துணுக்கு குழுவில் கிடந்தது. அவர் என்ன பேசுகிறார் என்று கேட்காதீர்கள், அவர் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள் என்று எழுதினேன். பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு மாதம் பிரித்துக்கொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு காரியத்துக்கு எங்களை விட்டால் ஆள் கிடையாது. ஒருவருக்குத் தகர ட்ரேக்கள் மோதும் சத்தம் கேட்டது, ரொட்டி சுடும் இடம் என்றார். ஒருவருக்கு நாய். மூன்றாவதாக ஒருவர் ஒரு மணிச் சத்தத்தை வெட்டி அனுப்பினார். அதில் லிப்ட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, 'இந்த மணி அரைச் சுருதி கம்மி, தினமும் என் உயிரை வாங்குது' என்று அலுத்துக்கொள்வது கேட்டது.

அடுத்த நிமிடம் டிரைவர் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அது எங்க பள்ளிக்கூட மணி. விரிசல் விட்ட மணி. தினம் அதுக்குக் கீழேதான் வண்டிய நிறுத்தறேன். கிளம்பி வாங்க."

வாடகை வண்டியில் போகும்போது மூன்று ஐந்துக்கு நான்காம் முறை வந்தது. கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வேகமாகப் போங்கள் என்றேன்.

தம்பி பள்ளிக்கூட வாசலில் நின்றான். பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு வரும் ஆயாவிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, இன்னொரு டிரைவரை வரச் சொல்லிவிட்டு, ஜாக்கி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரொட்டிக்கடை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நான்கு மாடிக் கட்டடங்கள் மூன்று. இரண்டில் லிப்ட் இருந்தது. நாங்கள் மூன்றாவதுக்குள் ஓடினோம். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்திலேயே பாட்டு கேட்டது. இரண்டாவது பாட்டின் கடைசி அடி. நான்காம் மாடியில் அந்தக் கதவுக்கு முன்னால் நாங்கள் போய் நின்றபோது அது முடிந்து, உள்ளே அமைதியானது. தம்பி கம்பியை ஓங்கினான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். மூன்றாவது தொடங்கியது. இப்போது தள்ளிவிடுவார், இப்போது தள்ளிவிடுவார் என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு காலடிச் சத்தம் கேட்டால் போதும், அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். பாட்டு ஓடியது. நடுவில் அந்தச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கும் பொய்யாகக் கேட்டது.

"உடைடா," என்றேன்.

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். இடது கை முன்னால் நீண்டிருந்தது. கணினிக்கும் அந்தக் கைக்கும் இடையே இரண்டு முழம் இருக்கும். தரையில் தண்ணீர்ச் சொம்பு உருண்டு கிடந்தது, அவர் உடம்பை இழுத்துக்கொண்டு வந்த தடம் அந்தத் தண்ணீரில் தெரிந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. தம்பி ஆம்புலன்ஸுக்குப் பேசினான். நான் போய் முதலில் அந்தப் பாட்டை நிறுத்தினேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் கதையே வேறு என்று டாக்டர் சொன்னார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, வாய் தவறிச் சொன்னார். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியுமே. ஒன்று இருபதிலிருந்து இரண்டு முப்பது வரை. நான் ஜெயித்துக்கொண்டிருந்த நேரம் அது.

வெளியூரிலிருந்து அவர் தங்கை வந்து சேர்ந்தார். நல்ல பெண். அண்ணனைக் கண்டுபிடித்தது நீங்கள்தான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு கூசியது. தினமும் பட்டறை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணைத் திறப்பார், கூரையைப் பார்ப்பார், மூடுவார். கையை அழுத்துங்கள் என்று டாக்டர் சொன்னால் அழுத்த மாட்டார். தங்கை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை.

பதினோராம் நாள் பெரிய டாக்டர் தங்கையைக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் காலைக்குள், தானாக யோசித்துச் செய்ததாக ஏதாவது ஒரு அசைவு தெரிந்தால் பயிற்சி வார்டுக்கு மாற்றுவார்கள். நடக்கப் பேசக் கற்றுக்கொடுப்பது அங்கேதான். இல்லையென்றால் படுத்த படுக்கையாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக நர்ஸுகளுக்கே நினைவில்லை. அந்தப் பெண் இதை என்னிடம் சொல்லும்போது அழக்கூட இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை என் கைபேசியை எடுத்து, அவருடைய இடது கை எட்டும் இடத்தில், மார்பின் மேல் வைத்தேன். தொகுப்பைப் போட்டேன். முதல் பாட்டு ஓடியது. குனிந்து அவர் காதருகே போனேன்.

"நான் கத்தரி. அந்தப் பாட்டு ஓடினப்போ, நீங்க செத்துட்டீங்களான்னு பாக்கச் சொல்லி குழுவுல கிண்டல் பண்ணினேன். ஊரையே பாக்கச் சொன்ன நான், பாக்கல. ஒரு மணி நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து என்னைத் திட்டணும்."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது ஓடி முடியும்போது தங்கை பதறிப்போய், அண்ணனுக்கு அடுத்த பாட்டு ஆகாதே, மாற்றிவிடுங்கள் அக்கா என்று கையை நீட்டினார். நான் அவர் கையைத் தடுத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். இருட்டில் மாட்டிக்கொண்ட ஆளிடம் தைரியம் சொல்லக் கூடாது, சண்டைக்கு இழுக்க வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே இப்போது கதவுக்கு உள்ளே இருந்தார்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. ஒரு நிமிடம். ஒன்றுமில்லை. தாளம் மாறும் இடம் வந்தது, போனது. இரண்டு நிமிடம். இன்னும் இரண்டு நிமிடம் பதினொரு வினாடி பாக்கி. அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் அவர் இல்லை. நானே போட்டு, நானே பார்த்து, நானே முடிவு கட்டியதாக ஆகிவிடும். நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா சிரித்தார்.

லிப்ட்டுக்காரரின் புருவம் சுருங்கியது.

இடது கை சுண்டுவிரல் முதலில் அசைந்தது. பிறகு மணிக்கட்டு. கை போர்வைமேல் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. தங்கை என் தோளை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்தது. விரல் கைபேசியின் விளிம்பைத் தொட்டது, தடவியது, தவறான இடத்தை அழுத்தியது. பாட்டு இன்னும் சத்தமாக அலறியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். லிப்ட்டுக்காரர் முகம் போன கோணலைப் பார்க்க வேண்டுமே. கண்ணை இறக்கி, திரையை நேராகப் பார்த்து, விரலைத் தூக்கி, அழுத்தினார். நான்காவது பாட்டு வந்தது.

தங்கை ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். நர்ஸம்மா கறார். தற்செயலாகப் பட்டிருக்கும், இதையெல்லாம் எழுத முடியாது என்றார்.

"மறுபடி போடறேன், பாருங்க," என்றேன்.

போட்டேன். இந்த முறை சிரிப்பு வரும் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. முதல் அடியிலேயே கை கிளம்பிவிட்டது. அழுத்திவிட்டு, தலையை என் பக்கம் திருப்பினார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. நான்கு வருடமாக எனக்குப் பழக்கமான, கதவிடுக்கின் அந்தப் பக்கம் இருந்த அதே கோபம். நர்ஸ் மணியைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடப் போனார்.

நான் வாய்விட்டு அழுதேன். கிண்டல் செய்து எழுதியதை அழித்துவிடச் சொல்லி டிரைவர் தம்பி பலமுறை சொல்லியிருந்தான். அழிக்கவில்லை. அவர் ஒரு நாள் படிக்கட்டும், படித்துவிட்டு இந்தக் கோபத்தோடு என்னைத் திட்டட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தேன். என் கருவியில் ஓடியதால் செயலி அதை என் பெயரில் காட்டிக்கொண்டிருந்தது. அது தப்பு. அதனால் குழுவில் என் கையாலேயே எழுதினேன்: 'இப்போது லிப்ட்டுக்காரர் காதில்: ஒன்று, இரண்டு, நான்கு.'